வாயாடிகளுக்கா வக்கீல் தொழில்?

சற்று அதிகம் பேசும் மாணவியிடம், “நீ வக்கீலுக்குப் படி” என்கிறார்கள் பெரியோர். எனக்கு இதில் உடன்பாடில்லை, தோழியரே! குறுக்கு விசாரணைக்கு நாவைவிடச் செவியே முக்கியம். சாட்சி அன்று போலீசாரிடம் சொன்னதற்கும் இன்று கூண்டிலேறிச் சொல்வதற்கும் உள்ள முரண்பாட்டைப் பிடிக்க வேண்டும். ஒருவருடைய விடுதலையே அதைப் பொறுத்திருக்கலாம்.

திருவிதாங்கூரில் குற்ற வழக்குகளை நடத்திப் புகழ்பெற்றவர் அன்னா சாண்டி அம்மையார். 1928-இல், பெண்களுக்கு அரசு வேலை கூடாதென்று திருவனந்தபுரத்தில் ஒருவர் பேச, அம்மையார் மேடையேறி அவர் வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்தார். (காது கொடுத்துக் கேளாதவரால் அது முடியுமா?) 1937-இல் முன்சீப் ஆனார், 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. இந்தியாவில் அப்பதவியேற்ற முதல் பெண்மணி அவரே.

எங்கள் வகுப்பில் ஒருத்தி வாயே திறப்பதில்லை. ஆனால் போன மாதம் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் பிசகாமல் சொல்வாள். சட்டம் படிக்கும்படி அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.