கடல் தாண்டி ஓர் ஐப்பசி

மதுரை காளவாசலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வருகிற ஐப்பசியோடு அவருக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் நிறைகிறது. "இந்தத் தடவையாவது நாம ரெண்டு பேர் மட்டும் வெளிநாடு போயிட்டு வருவோம்" என்று கணவர் ஒரு டிராவல்ஸ் நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தாராம். ஆறே நாளில் இரண்டு நாடு, ஐந்து ஊர். "படிக்கும்போதே மூச்சு வாங்குது அக்கா. காலையில ஆறு மணிக்கு பஸ், ராத்திரி பத்து மணிக்கு ரூம். இதுக்கு வீட்டிலேயே இருந்துடலாம்னு தோணுது. ஆனா அவர் ஆசையைக் கெடுக்கவும் மனசு வரலை. குழந்தைகளை விட்டுட்டுப் போறதும் உறுத்தலா இருக்கு" என்கிறார்.

ஆசையைக் கெடுக்க வேண்டாம் அம்மா, நோட்டீஸை மாற்றினால் போதும். வருஷம் பூராவும் ஐந்து மணிக்கு எழுந்து டிபன் டப்பா கட்டுகிறவளுக்கு, வெளிநாட்டில் போயும் அலாரம் வைத்து எழுந்திருப்பது ஒரு கொண்டாட்டமா?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு வெளிநாடு இருக்கிறது. மதுரை விமான நிலையத்திலிருந்து 2012-இல் முதன்முதலாகக் கிளம்பிய வெளிநாட்டு விமானமே கொழும்புக்குத்தான். ஆகாயத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காளவாசலிலிருந்து தேனி போய்ச் சேருவதற்குள் நீங்கள் இலங்கையில் இறங்கிவிடலாம்! நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டே என்று கேட்பீர்கள். அது 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே மழைக்காலத்தை முன்னிட்டு நின்றது. பிறகு 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. ஐப்பசிப் பயணத்துக்குக் கப்பலை நம்ப வேண்டாம்.

என் யோசனை இதுதான். ஐந்து இரவு, இரண்டே ஊர். கண்டியில் இரண்டு, நுவரெலியாவில் மூன்று. விமானம் இறங்குகிற கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே இருப்பதால், கொழும்பு நெரிசலுக்குள் போகாமலே கண்டிக்கு வண்டி பிடிக்கலாம். மூன்று மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும்.

"ஐப்பசியில் அங்கேயும் மழையாச்சே!" ஆமாம், மழைதான். அக்டோபர், நவம்பரில் அங்கே பெரும்பாலும் காலை வெளுத்திருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடி மழை இறங்கும். ஊர் சுற்ற வந்தவர்களுக்கு அது தொந்தரவு. ஓய்வெடுக்க வந்தவர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? காலையில் ஒரே ஒரு இடம், ஒரு மணிக்குள் சாப்பாடு, அப்புறம் அறை ஜன்னலோரம் நாற்காலி, டீ, பேச்சு. பன்னிரண்டு வருஷத்தில் பால் பாக்கெட், ஸ்கூல் பீஸ், கரண்ட் பில் தவிர என்னதான் பேசியிருக்கிறீர்கள், யோசித்துப் பாருங்கள்!

ஆனால் விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அந்த மலைநாட்டையே புரட்டிப் போட்டது. நிலச்சரிவில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. மலை ரயில் பாதையும் பலமாகச் சேதமானது. ஆகவே நவம்பர் பின்பாதியைத் தவிர்த்து, அக்டோபரிலேயே போய்வாருங்கள். கண்டியிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியே நானுஓயா வரைக்கும் ரயிலில் போவது கண்கொள்ளாக் காட்சிதான். அது அப்போது ஓடுகிறதா என்று கேட்டுவிட்டே திட்டம் போடுங்கள். கார் என்றால் ஏகப்பட்ட வளைவு. குமட்டுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு வாந்தி மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்மார் அதைச் சொல்லியே கேட்க வேண்டும். ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்கள் நுவரெலியாவின் உயரத்தை எண்ணிப் பயப்பட வேண்டாம். அது 1,868 மீட்டர், நம் கொடைக்கானலைவிடக் குறைவு. குளிர் உண்டு, ஆளுக்கொரு ஸ்வெட்டரும் காலுக்குச் சாக்ஸும் அவசியம்.

கண்டியில் மதுரைக்காரர்களுக்கென்றே ஒரு கதை இருக்கிறது. கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் உறவில் பெண் எடுத்தவர்கள். பிள்ளையில்லாமல் ஒரு அரசன் இறந்தபோது, அப்படி வாழ்க்கைப்பட்டுப் போன ராணியின் தம்பியே 1739-இல் பட்டத்துக்கு வந்தான். அந்த வழியில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். ஊர் நடுவில் இருக்கிற ஏரியை 1807-இல் அமைத்தது அவன்தான். 1815-இல் வெள்ளைக்காரன் அவனைப் பிடித்தான். பிறகு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து சிறைவைத்தான்; 1832-இல் அங்கேயே முடிந்தது அவன் வாழ்வு. மதுரையிலிருந்து அந்த மலைக்குப் பல்லக்கில் போன பெண்களில் எத்தனை பேர் திரும்பத் தாய்வீட்டைப் பார்த்தார்களோ! ஏரிக்கரையில் நடக்கும்போது அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கரையிலேயே தலதா மாளிகை, புத்தரின் பல் வைத்துப் போற்றுகிற கோயில். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புடவையோ சுடிதாரோ தாராளம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுப்பதை அவர்கள் பெரிய அவமதிப்பாக நினைப்பார்கள், ஜாக்கிரதை. ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே 'போயா' என்று அரசு விடுமுறை. கூட்டம் நெரியும். காலண்டரைப் பார்த்து அந்த நாளை விலக்கிவிடுங்கள். மறுநாள் காலை பேராதனைத் தாவரத் தோட்டம் ஒன்றே போதும். அவசரமில்லாமல் மரத்தடியில் உட்கார அப்படியொரு இடம் கிடைக்காது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. இடியப்பம், சொதி, பருப்பு, தேங்காய்ச் சம்பல், எல்லாம் நாக்குக்குப் பழகினவைதான். சைவக்காரர்கள் மட்டும் சம்பலைத் தொடுமுன் "மாசி போட்டிருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். மாசிக் கருவாட்டைப் பொடித்துப் போடுவது அங்கே சாதாரணம். நுவரெலியாப் பக்கம் தோட்டத்துத் தமிழர்கள் நிறையப் பேர் இருப்பதால் தமிழிலேயே விசாரிக்கலாம்.

அவருக்குச் சர்க்கரை இருந்து இன்சுலின் போட்டுக்கொண்டால், அதைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் ஏற்ற விடாதீர்கள், உறைந்தால் கெட்டுப்போகும். கைப்பையில், டாக்டர் சீட்டோடு இருக்க வேண்டும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே கடிகார நேரம் என்பதால் மாத்திரை வேளை மாறாது. மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கலாமா என்று கூச்சத்தோடு கேட்கிறவர்கள் உண்டு. கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள். காலில் ரத்தம் உறைந்த வியாதி, ஈரல் கோளாறு இருந்தவர்களுக்கு அது ஆகாது. இரண்டு நாள் அறையில் படுத்திருந்தாலும் அது ஓய்வுப் பயணம்தானே, என்ன குறைந்துவிட்டது?

இப்போதே செய்ய வேண்டியது பாஸ்போர்ட். மதுரையிலேயே அலுவலகம் இருக்கிறது. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், பத்து வருஷம் செல்லும். திருமணச் சான்றிதழ் கட்டாயம் என்பதை 2016 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். ஆதாரில் இன்ஷியல், சர்டிபிகேட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால்தான் அலைச்சல். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பழைய பாஸ்போர்ட் இருந்தால், போகிற தேதியிலிருந்து ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும். இலங்கை அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஒரு மாதம் முன்பு அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் சொந்த இணையதளத்திலேயே பாருங்கள், இடையில் நிற்கிற ஏஜெண்ட் தளங்களில் பணம் கட்டாதீர்கள்.

குழந்தைகள் விஷயம். அத்தையிடம் விட்டுப் போகிறேன் என்கிறீர்கள். இரண்டு வாரம் முன்பே ஒரு சனி, ஞாயிறு அவர்களோடு விட்டுப் பழக்குங்கள். டாக்டர் நம்பர், காய்ச்சல் மருந்தின் அளவு, வேன்காரர் நம்பர் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். தினம் ஒரே வேளை, ராத்திரி ஏழு மணிக்குப் பேசினால் போதும். மணிக்கொரு தரம் கூப்பிட்டால் அதுகளுக்கும் ஏக்கம் கிளம்பும், உங்களுக்கும் நிம்மதி போகும். அத்தைக்கு அந்த ஐந்து நாளும் சமையலுக்கு ஒரு உதவி ஆள் வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் ஓய்வு அவர் இடுப்பில் ஏறக் கூடாது. திரும்புவது வெள்ளி அல்லது சனியாக இருக்கட்டும். ஞாயிறு ராத்திரி வந்து இறங்கி, திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு இட்லிப் பானையை ஏற்றும்படி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.