சிறியதெல்லாம் சீக்கிரம் உருகிவிடாது

உலோகத் துகள் சிறுக்கச் சிறுக்க அதன் உருகுநிலையும் இறங்கும் என்பது நானோ அறிவியலின் அரிச்சுவடியாகவே ஆகிவிட்டது. 1909-இல் பாவ்லோவ் என்ற ஆய்வாளர் கணித்ததும் 1976-இல் புஃபா, பொரேல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தங்கத்தில் அளந்து காட்டியதும் இதைத்தான். 1064 டிகிரி செல்சியஸில் உருகும் தங்கம், சில நானோமீட்டர் துகளாகிவிட்டால் பல நூறு டிகிரி முன்னதாகவே உருகுகிறது. அதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் துகள்களின் மேற்பரப்பு பெரும்பாலும் திறந்தே இருந்தது. வேறொரு பொருளுக்குள் அடைபட்ட உலோகத்துக்கும் அதே விதியை நீட்டுவதுதான் பிழை.

அலுமினியத்துக்குள் புதைந்த ஈயத்தைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து உருக்கி, சுழலும் சக்கரத்தின் மீது ஊற்றிச் சட்டென்று குளிரவைத்தால், ஈயத் துகளின் அணுவரிசை அலுமினியத்தின் அணுவரிசையோடு ஒழுங்காகப் பொருந்தி நிற்கும். அந்த ஈயம் தன் இயல்பான உருகுநிலையான 327 டிகிரியைத் தாண்டியும் திடமாகவே இருக்கிறது. அதே இரு உலோகங்களின் பொடியை எஃகுக் குண்டுகளோடு போட்டு அரைத்தால் அந்தப் பொருத்தம் அமைவதில்லை; அப்போது ஈயம் 327 டிகிரிக்கு முன்பே உருகுகிறது. உலோகங்கள் மாறவில்லை, எல்லை மட்டும் மாறியது, விளைவு நேரெதிர்.

இவை விதிவிலக்குகள்தானே என்று கேட்கலாம். இல்லை. பாவ்லோவ் வழிவந்த சமன்பாட்டிலேயே அளவோடு எல்லைப்பரப்பின் ஆற்றலும் இருக்கிறது. துகள் திடமாக இருக்கும்போது அந்த ஆற்றல் அதிகமென்றால் உருகுநிலை இறங்கும். திரவமாகும்போது அதிகமென்றால் ஏறும். மிகச் சிறிய அணுக்கொத்துகளில் அளவின் கணக்கும் சீராக இல்லை. சோடியம் கொத்துகளில் அணு எண்ணிக்கை கூடும்போது உருகுநிலை ஒழுங்கின்றி ஏறி இறங்குவதை 1998-இல் ஹேபர்லாண்ட் குழு காட்டியது. சில பத்து அணுக்களே கொண்ட கேலியம் கொத்துகளோ, கட்டிக் கேலியம் உருகும் 29.8 டிகிரியைக் கடந்தும் திடமாக நின்றன.

உறைதல் என்பது உருகுதலைத் திருப்பிப் போட்டதே என்ற எண்ணமும் நிற்காது. உறைய ஒரு கரு வேண்டும். அது உருவாகாவிட்டால் திரவம் உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே தொடரும். 1768 டிகிரியில் உருகும் பிளாட்டினத்தின் நானோதுளியை கிராஃபீன் மீது அசையாத அணுக்களின் வளையத்துக்குள் அடைத்தபோது, 350 டிகிரியில்கூட அது திரவமாக இருந்ததை நாட்டிங்ஹாம், உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே ஒரு நானோதுகள் எப்போது உருகும், எப்போது உறையும் என்று சொல்ல அதன் விட்டம் மட்டும் போதாது. அதைச் சூழ்ந்திருப்பது எது, எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதையும் பாடநூல்கள் சேர்த்தே சொல்ல வேண்டும்.