கடலைக் கடக்கும் முன்பு கடக்க வேண்டிய மேசைகள்

பாலாற்றங்கரைக் காலனி ஒன்றிலிருந்து ஒரு மாணவி கடந்த ஆண்டு நம்மைத் தேடி வந்தார். அப்பா இல்லை. அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்த அந்தப் பெண்ணுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் தர முன்வந்திருந்தது. எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்து பல்கலைக்கழகமே முத்திரையிட்டுத் தரும் டிரான்ஸ்கிரிப்ட் மட்டும்தான் பாக்கி. அதற்காக நான்கு முறை பேருந்து ஏறினார். ஒருமுறை சலான் தவறு என்றார்கள், ஒருமுறை கையெழுத்துப் போடுபவர் விடுப்பு என்றார்கள். கடைசித் தேதி முடிந்து பதினோராம் நாள் அது கைக்கு வந்தது. மதிப்பெண்ணில் குறையில்லை, ஆங்கிலத் தேர்விலும் குறையில்லை. ஒரு தாளுக்காக ஓராண்டு போயிற்று.

1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டை நம்பி அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வந்து பத்தாண்டு சமஸ்தானத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே அந்தப் பயணம். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மீண்டும் 1920-இல் போய்த்தான் முடித்தார். நம் பிள்ளைகளுக்கு இன்று மன்னர் தயவு தேவையில்லை. அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தத் திட்டத்தின் வாசல்வரை போய்ச் சேரும் பாதை முழுக்க மேசைகளாக இருக்கிறது.

முதலில் திட்டங்களைச் சொல்லிவிடுவோம். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் ஆகியவை வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு அதிகபட்சம் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்கும் இதில் இடம் உண்டு. ஒன்றிய அரசின் பட்டியலில் அவர்கள் இல்லை என்பதால் இது அவர்களுக்கு முக்கியமான கதவு.

இந்த இரண்டு திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கும் முன் சில காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும். நாம் பார்த்தவரை பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் நான்கு.

முதலாவது, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றில் முன்னெழுத்து ஒன்று, ஆதாரில் அதன் விரிவு, சாதிச் சான்றில் அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் பலருக்கு இன்றுவரை. உள்ளூரில் இதை யாரும் கேட்பதில்லை. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்து எழுதும்போதுதான் சிக்கல் தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். பெயரே மாற வேண்டுமென்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்கு நாளாகும்.

இரண்டாவது, பாஸ்போர்ட்டுக்கான காவல்துறை விசாரணை. திருவிழாத் தகராறு, சாலை மறியல், சிலை உடைப்பைக் கண்டித்த ஆர்ப்பாட்டம் என்று ஏதாவது ஒன்றில் ‘மற்றும் சிலர்’ பட்டியலில் பெயர் ஏறிய இளைஞர்கள் நம் தெருக்களில் நிறைய. வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் பெற வழி இருக்கிறது. வெறும் முதல் தகவல் அறிக்கை நிலுவை வழக்கு ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. பயந்து விண்ணப்பிக்காமல் இருப்பதுதான் தவறு. ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, பரிந்துரைக் கடிதம். முதுகலைக்குப் பெரும்பாலும் இரண்டு பேர், முனைவர் படிப்புக்கு மூன்று பேர் நம்மைப் பற்றி எழுத வேண்டும். இதற்கு இ-சேவை மையம் கிடையாது. கட்டணம் கட்டி வாங்க முடியாது. நம்மை வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆசிரியர் வேண்டும். மூன்றாண்டில் ஒருமுறைகூட நம் பக்கம் திரும்பாத ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்பவர்களும் உண்டு. அதை ஏற்க வேண்டாம். உங்கள் மதிப்பெண், ஆய்வுத் திட்டம், செய்த வேலை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கடிதத்தை அவர் எழுதட்டும். குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே கேளுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டுப் போகப் பழகுங்கள். கே.ஆர்.நாராயணன் லண்டனில் படித்து முடித்தபோது அவருடைய பேராசிரியர் ஹெரால்ட் லாஸ்கி நேருவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு போய்த்தான் அவர் நேருவைச் சந்தித்தார், வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ஓர் ஆசிரியரின் கடிதம் அவ்வளவு தூரம் கொண்டுபோகும். நம் கல்லூரி ஆசிரியர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நான்காவது, எதற்காகப் படிக்க விரும்புகிறேன் என்று நாமே எழுதும் நோக்க அறிக்கை. மேலே சொன்ன மாணவி நகரத்து ஆலோசனை மையம் ஒன்றில் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து அதை எழுதி வாங்கியிருந்தார். சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம் என்று தொடங்கியது. யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அதை மூடி வைத்துவிட்டு, ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், ‘எங்க கெணத்துத் தண்ணி உப்பா ஆயிடுச்சு, சோறு வடிச்சா நிறமே மாறும்’ என்றார். தோல் பதனிடும் கழிவு பாலாற்றில் இறங்கிய ஊரில் வளர்ந்த பெண். முதுகலையில் அவர் செய்த ஆய்வே தன் ஊர்க் கிணற்று நீரில்தான். அதையே முதல் பத்தியாக எழுதச் சொன்னோம். எந்த மாதம் எத்தனை கிணறுகளில் நீர் எடுத்தார், என்ன கண்டார், எது இன்னும் புரியவில்லை, அதைக் கற்க அந்தப் பல்கலைக்கழகத்தில் யார் இருக்கிறார் என்று இரண்டு பக்கம். நம் துன்பத்தைச் சொல்லி இரக்கம் கேட்க வேண்டாம். மறைக்கவும் வேண்டாம். நாம் வாழ்ந்த இடம் நமக்கு ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறது என்றால், அந்தக் கேள்வியை எழுதினால் போதும்.

இத்தனைக்கும் ஓராண்டு வேண்டும். அமெரிக்காவில் ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும் முனைவர் படிப்புக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே பெரும்பாலும் விண்ணப்பம் முடிந்துவிடும். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக் கட்டணமே பதினைந்தாயிரத்துக்கு மேல். அந்த மதிப்பெண் இரண்டாண்டுதான் செல்லும். தாட்கோ மூலம் இந்தத் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தரப்படுகிறது. மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

அரசிடம் நாம் கேட்பதும் உண்டு. 2022-இல் ஒன்றிய அரசு விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்றது. சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராயப் போகிறவருக்குக் கதவு அடைபட்டது. அண்ணல் கொலம்பியாவில் 1916-இல் படித்த கட்டுரையே இந்தியச் சாதிகளைப் பற்றியதுதான். 2025-இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் ஆணை வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தரப்படும் என்றார்கள். விதி திருத்தப்பட வேண்டும். தேர்வான எல்லோருக்கும் பணம் உறுதியாக வேண்டும். விண்ணப்பக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் மாநில அரசு முன்பணம் தர வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் கேட்ட மாணவருக்கு இத்தனை நாளில் தரப்படும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தேதியோடு அறிவிக்க வேண்டும். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இதற்கென்று ஓர் அலுவலர் உட்கார வேண்டும்.

அதுவரை நம்மால் ஆவதைச் செய்வோம். ஊருக்கு ஊர் அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும் நம் ஆசிரியர்கள், அலுவலர்கள் மாதம் ஒரு ஞாயிறு அங்கே வந்து உட்காருங்கள். இறுதியாண்டுப் பிள்ளைகளின் சான்றிதழ்களை வரிசையாக விரித்து வைத்து, பெயர் பொருந்துகிறதா, எது இல்லை என்று பாருங்கள். அந்த மாணவி இந்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். இம்முறை டிரான்ஸ்கிரிப்டை முதலிலேயே வாங்கிவிட்டார். கூடுதலாக இரண்டு படிகளும் வாங்கி வைத்திருக்கிறார்.