ஜோம்பி படம் பார்த்து அழுத கதை

எனக்கும் பேய்ப் படத்துக்கும் ஏழாம் பொருத்தம். அதுலயும் இந்த ஜோம்பி வகையறா சுத்தமா ஆகாது. பேயாவது பரவாயில்லை, ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கும், பழிவாங்க ஒரு காரணம் இருக்கும். ஜோம்பிக்கு என்ன இருக்கு? தள்ளாடித் தள்ளாடி வரும், கடிக்கும், கடிபட்டவனும் எழுந்து தள்ளாட ஆரம்பிப்பான். எண்ணிக்கை ஏறுமே தவிர கதை ஏறாது. இதுதான் என் கட்சி.

போன சனிக்கிழமை அந்தக் கட்சியிலிருந்து பாதி விலகிட்டேன்.

புனேல விடாத மழை. தங்கமணி அம்மா வீட்டுக்குப் போயாச்சு. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுப் பையன் ரெண்டு மாசமா நச்சரிச்ச படம் 'ஷான் ஆஃப் தி டெட்'. 2004-ல வந்த ஆங்கிலப் படம், எட்கர் ரைட் இயக்கினது. பத்து நிமிஷம் பார்த்துட்டுத் தூங்கிடலாம்னுதான் போட்டேன். (இதுக்கு மேல கதையைச் சொல்லிடுவேன். பார்க்காதவங்க இங்கேயே இறங்கிக்கலாம்.)

ஆரம்பமே அசத்தல். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க, கடையில பில் போடறவங்க எல்லாரும் உயிரில்லாத முகத்தோட ஒரே மாதிரி அசையறாங்க. இத்தனைக்கும் ஜோம்பி இன்னும் வரவே இல்லை! தினமும் காலைல ஹிஞ்சவாடி போற கம்பெனி பஸ்ஸுல காதுல வயரோட தலை தொங்கற என்னைப் படம் பிடிச்ச மாதிரி இருந்தது.

ஷானுக்கு (சைமன் பெக்) 29 வயசு. எலக்ட்ரானிக்ஸ் கடையில வேலை. சாயங்காலமானா வின்செஸ்டர்னு ஒரு பப். காலைல தெருமுனைக் கடைக்குப் போய்ட்டு வர்றான். மறுநாள் அதே தெரு, அதே நடை. ஆனா ஊரே ஜோம்பி ஆயிருக்கு. கடை ஃப்ரிட்ஜ் கதவுல ரத்தக் கை அச்சு. மனுஷன் எதையும் கவனிக்காம வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடறான். விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் இசைத்தட்டை ஜோம்பி மேல வீசற கட்டம். உயிர் போற நேரத்துலயும் எந்தத் தட்டை வீசலாம், எதை வீசக் கூடாதுன்னு நண்பனோட பஞ்சாயத்து.

இப்படிச் சிரிச்சுக்கிட்டே இருந்ததுல ஒண்ணைக் கவனிக்கலை. அம்மாவுக்கு வாங்கின பூங்கொத்தைக் காதலிகிட்ட நீட்டி மாட்டிக்கறான் ஷான். அதுவும் எனக்கு ஜோக்காத்தான் பட்டது. அம்மா பார்பரா எப்பவும் அவனுக்கு ரெண்டாம் பட்சம். கடைசில எல்லாரையும் இழுத்துக்கிட்டு பப்புக்குள்ள ஒளிஞ்ச பிறகுதான் தெரியுது, அம்மாவை வழியிலேயே கடிச்சாச்சு. வாயே திறக்கலை. பையன் பாவம் அலையறான், நாம வேற எதுக்கு அவனைக் கலவரப்படுத்தணும்னு நினைக்கிற சாதி அந்த அம்மா.

அந்த இடத்துல படத்தை நிறுத்திட்டேன்.

போன வருஷம் கும்பகோணத்துல எங்கம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டுல எலும்பு விட்டுப் போச்சு. நாலு நாள் தினமும் போன்ல பேசினாங்க. "சாப்டியா? அங்க மழையா?" அவ்வளவுதான். அஞ்சாம் நாள் எதிர்வீட்டு மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏம்மா சொல்லலைன்னு கத்தினேன். "உனக்கு ஆபீஸ்ல வேலை தலைக்கு மேல இருக்கும்னு சொன்னியேடா" அப்படின்னாங்க. சொன்னது நான்தான்.

ஒளிச்சு வச்சுக்கிட்டு 'நல்லா இருக்கேன்'னு சொல்ற அம்மாவுக்கு லண்டன் என்ன, கும்பகோணம் என்ன?

தண்ணி குடிச்சுட்டு மறுபடி போட்டேன். எழுந்து வர்றது இனி அம்மா இல்லைன்னு தெரிஞ்சும் ஷானால துப்பாக்கியை நீட்ட முடியலை. கடைசில அவன்தான் சுடறான். நான் அழுதேன். ஜோம்பி படத்துக்கு!

மத்த ஜோம்பி படங்கள் எனக்கு ஏன் பிடிக்கலைன்னு இப்பதான் புரியுது. பயம் ஒரு காரணமே இல்லை. அதுல சாகிறவங்க யாருன்னே எனக்குத் தெரியாது, அதனால ஒட்டலை. இந்தப் படம் ஒரு மணி நேரம் நம்மளைச் சிரிக்க வச்சு, அந்தக் குடும்பத்துல ஒருத்தனா உக்கார வச்சுட்டு, அப்புறம் கடிக்குது. நகைச்சுவை இல்லாம இதே கதையை எடுத்திருந்தா நான் பத்து நிமிஷத்துல குறட்டைதான்.

இதனால நான் ஜோம்பி ரசிகனா மாறிட்டேன்னு யாரும் அடுத்த படத்தோட வந்துடாதீங்க. கட்சி அதேதான். இது ஒண்ணுக்கு மட்டும் விலக்கு.

படம் முடிஞ்சப்ப ராத்திரி பத்தரை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "என்னடா இந்நேரத்துல, உடம்பு சரியில்லையா?"ன்னு பதறினாங்க. ஒண்ணுமில்லம்மா, கை எப்படி இருக்குன்னேன். "கைக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

நம்பலை. அடுத்த வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு.