கையெழுத்துக்கு முன் கேளுங்கள்



சனிக்கிழமை காலை மக்தப் கலையும் வேளையில் எங்களைப் போன்ற மதரஸா ஆசிரியர்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு வகை உண்டு. "ஹஜ்ரத், நாளைக்கு லுஹருக்குப் பிறகு புது வண்டி வருது. நீங்க வந்து ஒரு துஆ ஓதித் தரணும்." குரலில் மகிழ்ச்சி பொங்கும். அந்த வார இறுதியின் வேலைகளையும் அவரே சொல்லிவிடுவார். முன்வாசலில் கிடக்கும் பழைய ஸ்கூட்டரை நகர்த்த வேண்டும். கேட்டின் அகலம் போதுமா என்று அளக்க வேண்டும். சம்பந்தி வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். ஃபாஸ்டேக், காப்பீட்டுத் தாள், மிதியடி, இனிப்பு எல்லாம் வாங்கியாக வேண்டும்.

இந்தப் பட்டியலில் கடன் ஒப்பந்தம் இராது. அது இரண்டு வாரங்களுக்கு முன்பே கையெழுத்தாகி முடிந்திருக்கும். வாகனத்துக்கு பரக்கத் வேண்டி துஆ கேட்க ஹஜ்ரத் நினைவுக்கு வருகிறார். அந்த வாகனம் எந்த வழியில் வீட்டுக்குள் வருகிறது என்று கேட்க எவரும் நினைவுக்கு வருவதில்லை. இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து.

கார் வாங்குவதை நான் குறை கூறவில்லை. நல்ல இல்லறத் துணை, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார் ஆகியவற்றோடு வசதியான வாகனத்தையும் மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருப்பதை இப்னு ஹிப்பானின் தொகுப்பில் காண்கிறோம். முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், மழை நாளில் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்வரவும் ஒரு குடும்பம் வண்டி வாங்குவதில் தவறேதுமில்லை. ஆயினும் அந்த நற்பேறு வட்டியின் தோளில் ஏறி வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

விற்பனை நிலையத்தில் மாதத் தவணையை மட்டுமே சொல்கிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 8 லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, 7 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய். 84 மாதங்கள் முடியும்போது கட்டியிருக்கும் தொகை சுமார் 10,81,000. அதில் 2,81,000 ரூபாய் வட்டி. தவணையை மட்டும் கேட்டவர் காதில் இந்தத் தொகை விழுவதே இல்லை. இதற்கிடையில் வண்டியின் மதிப்போ ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போகும்.

பண நட்டத்தைவிடப் பெரியது மார்க்கத்தின் தீர்ப்பு. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்கும் இருவர் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகவும், அவர்கள் யாவரும் சமமே என்று கூறியதாகவும் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. "வாங்குபவன்தானே குற்றவாளி, நான் கொடுப்பவன்தானே" என்ற சமாதானத்துக்கு இங்கு இடமில்லை. மைத்துனரின் வாகனக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் நண்பர்களும், மறுக்கக் கூச்சப்பட்டு இணை விண்ணப்பதாரராகப் பெயர் கொடுக்கும் மனைவியரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். உறவு முறிந்துவிடுமே என்று அஞ்சிப் போடும் கையெழுத்தும் கையெழுத்துதான்.

அப்படியானால் தவணையில் வாங்குவதே கூடாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தவணை வேறு, வட்டி வேறு. விற்பவரே ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குக் கூடுதலான ஒரு விலை என்று சொல்லி, வாங்குபவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து அந்த விலையிலேயே ஒப்பந்தம் முடிவானால், அது விற்பனை. ஷாஃபிஈ, ஹனஃபி உள்ளிட்ட நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்கள் இதை அனுமதிக்கிறார்கள். முராபஹாவும் இவ்வகையே: நிதி தருபவர் வண்டியை முதலில் உண்மையாகவே தம் உடைமையாக வாங்கி, பிறகு வெளிப்படையாகச் சொன்ன இலாபத்தோடு உங்களுக்கு விற்கிறார். தாமதமானால் அந்த விலை ஏறக்கூடாது. வங்கிக் கடனில் நடப்பது வேறு. வங்கி வண்டியை விற்பதில்லை. பணத்தைத் தந்து கூடுதல் பணத்தைத் திரும்பப் பெறுகிறது. பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடாது. "பூஜ்ய விழுக்காடு" என்று அறிவிக்கப்படும் திட்டங்களிலும் தாமதக் கட்டண விதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

நம் நாட்டில் வட்டியில்லா வங்கிக்கு வழி குறுகலாகவே இருக்கிறது. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கி முறையைப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த முயற்சியைத் தொடரப்போவதில்லை என்று தெரிவித்துவிட்டது. ஆகவே "வேறு வழி இல்லை, ஹஜ்ரத்" என்று சொல்பவர்களின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வழியே இல்லை என்ற முடிவுக்கு வருமுன் எத்தனை பேர் தேடிப் பார்த்திருக்கிறார்கள்?

நம் வீட்டுப் பெண்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வழி சீட்டு. அதிலும் கவனம் தேவை. 20 பேர் மாதம் 10,000 கட்டும் சீட்டில், அவசரத் தேவையுள்ள ஒருவர் 40,000 தள்ளி 1,60,000 ரூபாய் எடுக்கிறார். தள்ளிய தொகை நடத்துபவரின் கமிஷன் போக எல்லோருக்கும் பங்காகிறது. முந்தி எடுத்தவர் இழப்பது காத்திருந்தவருக்கு இலாபமாகிறது. இந்த ஏலச் சீட்டை வட்டியின் சாயல் கொண்டதென்று அறிஞர்கள் பலர் விலக்குகிறார்கள். குலுக்கல் முறையில் யார் பெயர் வந்தாலும் 2,00,000 ரூபாயும் முழுமையாகக் கிடைத்து, எவருக்கும் கூடுதலோ குறைவோ இல்லையென்றால், அது ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து உதவுவதே. சகோதர சகோதரிகள், மாமன் மச்சான்கள் என்று பத்துப் பேர் கூடினாலே இதை நடத்திவிடலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். உறவுக்காரரிடம் எழுதிக் கேட்பது அவமதிப்பு என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் எப்படிப் புகுந்ததோ!

முன்பணத்துக்கு மனைவியின் நகை என்ற பேச்சு வரும்போது இன்னும் நிதானம் வேண்டும். அந்த நகை அவருடைய உடைமை. மனமுவந்து தந்தால் வாங்கலாம். முகம் வாடித் தந்தால் அது உவப்பு ஆகாது. அதை அடகு வைத்து வட்டிக்குப் பணம் எடுத்தால், ஒரு வட்டிக்கு இன்னொரு வட்டி துணை போகிறது. ரொக்கத்தில் முடிகிற ஒரு பழைய வண்டி, தவணையில் வரும் புதிய வண்டியைவிட மனதுக்கு இலகுவானது. பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதைத் தவிர அதில் வேறு குறை எனக்குத் தெரியவில்லை.

காருக்கென்று சேர்த்து வரும் பணம் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கு ஸகாத் உண்டு; "வண்டிக்காக வைத்திருக்கிறேன்" என்பது விலக்கு ஆகாது. வாங்கிய பிறகு சொந்த உபயோகத்துக்கான காருக்கு ஸகாத் இல்லை. காப்பீட்டில் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டியுள்ளது. சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு நிர்ப்பந்தம் என்று கொள்ளலாம்.

வண்டி வரும் நாளில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம் பழம் வைப்பதும், முகப்பில் கறுப்புக் கயிறு கட்டுவதும் நம் வீடுகளிலும் நடக்கின்றன. கண்ணேறு உண்மை, அதற்கான மருந்து எலுமிச்சையில் இல்லை. ஸஹ்ல் பின் ஹுனைஃப் (ரலி) அவர்களுக்குக் கண்ணேறு பட்டபோது, பார்த்து வியந்தவரை அழைத்து, பரக்கத் வேண்டி துஆ செய்திருக்கக் கூடாதா என்றுதான் நபி (ஸல்) அவர்கள் கடிந்தார்கள். காண வருகிறவர்கள் அந்த துஆவைச் செய்தால் போதும். ஏறி அமரும்போது ஓதுவதற்கு ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 13, 14ஆம் வசனங்கள் இருக்கின்றன. இதை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இருந்ததில்லை, நம் இறைவனிடமே திரும்பிச் செல்கிறோம் என்ற பொருள் கொண்டவை. அதை ஓதுவதற்கு ஹஜ்ரத் தேவையில்லை. வண்டி ஓட்டுபவரே ஒவ்வொரு நாளும் ஓதலாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் என்ன செய்வது? மனம் வருந்தி தவ்பா செய்யுங்கள்; பிறகு கடனை விரைந்து முடிக்கத் திட்டமிடுங்கள். இன்றைய தேதியில் முழுதாக அடைக்க எவ்வளவு ஆகும் என்று வங்கியில் எழுத்து மூலம் கேளுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். பெருநாள் போனஸ், குலுக்கல் சீட்டுப் பணம், விற்றுவிடக்கூடிய அந்தப் பழைய ஸ்கூட்டர் என்று கைக்கு வருவதை அதில் போடலாம். அடைத்து முடித்ததும் வங்கியின் தடையில்லாச் சான்றையும் 35ஆம் எண் படிவத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கிவிடுங்கள். பலர் கடனை முடித்தும் இந்தக் கடைசி வேலையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போட்டு, வண்டியை விற்கும் நாளில் அலைகிறார்கள்.