ஆற்றுப்படையும் அறிவிப்புப் பலகையும்

பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு பாணனைக் கண்டு, தான் சென்ற வழியையும் தனக்கு ஈந்த வள்ளலின் இயல்பையும் எடுத்துரைத்து, அவனையும் அங்கே செல்லுமாறு நெறிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படை நூல்களாக அமைந்திருப்பது, நம் முன்னோர் வழிகாட்டுதலை எத்துணைப் பெரிய அறமாகக் கருதினர் என்பதைக் காட்டும். அவ்வைந்தனுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கடற்கரைப் பகுதியிலேயே உள்ளது. ஆகவே, 'இவ்வழியே செல்க, இன்னின்னவற்றைக் காண்க' என்று கூறும் கலை இம்மண்ணுக்குப் புதியதன்று.

ஆற்றுப்படைக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. வழி கூறுபவன் தானே அங்குச் சென்று வந்தவன் என்பது ஒன்று. வழியில் விருந்தளிப்போரை அவன் மறவாமல் கூறுவான் என்பது மற்றொன்று. நெய்தல் நிலத்தில் சுட்ட மீன் தருவோரையும், மருத நிலத்தில் வெண்சோறும் நண்டும் படைக்கும் உழவர் வீட்டாரையும் நத்தத்தனார் விட்டுவிடவில்லை. நல்லியக்கோடனின் புகழைப் பாட வந்த நூலில், பெயரறியாத உழவர்க்கும் பரதவர்க்கும் இடம் இருந்தது.

இன்று அப்பணியைச் சுற்றுலாத் துறையின் அறிவிப்புப் பலகைகள் செய்கின்றன. அவற்றில் பறவைகள் இருக்கின்றன, கற்கோயில்கள் இருக்கின்றன, அலைகள் இருக்கின்றன. விருந்தளிப்போர் மட்டும் இல்லை. இக்குறை படத்தோடு நிற்பதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது பணத்திலும் தொடர்வதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஊர் காத்த ஏரி

செங்கற்பட்டு வட்டாரத்தில் 'தாங்கல்' என்றால் சிற்றேரி. பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று கூறும். வேடர்களின் பெயரோடு சேர்ந்த தாங்கலே வேடந்தாங்கல். வேட்டையின் பெயரைத் தாங்கிய ஊர், வேட்டையைத் தடுத்த ஊராகப் புகழ்பெற்றது வியப்பன்றோ?

கிழக்கிந்தியக் கும்பினியின் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் இவ்வேரியின் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊரார்க்கு வழங்கி 1798-இல் கவுல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் பற்றி வழங்கும் கதையில் இடம்பெறும் பிளேஸ் துரையும் இவரே. அந்த உரிமை 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் மாவட்ட ஆட்சியர் இவ்விடத்தைச் சரணாலயமாக ஏற்றார். 1998-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், ஏரியும் அதனைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பரப்பும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2022-இல் அருகிலுள்ள கரிக்கிலியோடு வேடந்தாங்கலும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்வரிசையில் முதலில் நிற்பது அரசு அன்று, ஊர். உலகின் பல நாடுகளில் சரணாலயம் என்ற எண்ணமே தோன்றாத காலத்தில், எழுத்தறிவு குறைந்த உழவர் சிலர் ஆட்சியாளரிடம் சென்று பறவைக்காக வாதாடினர். அவர்களுக்கு அதில் தன்னலம் இல்லையா எனின், இருந்தது. நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலந்து வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அறமும் பொருளும் ஒன்றையொன்று தழுவி நின்றமையாலேயே அவ்வழக்கம் இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்தது. தீபாவளியன்றும் பேரோசை எழுப்பும் வெடிகளைத் தவிர்க்கும் ஊர் அது. அவ்வூர்ச் சிறுவர்கள் விட்டுக்கொடுக்கும் அந்த ஒரு நாளின் மகிழ்ச்சியும் நாம் காணும் நாரைகளின் விலையில் அடங்கியதே.

பணம் வரும் வழியும் போகும் வழியும்

சுற்றுலாவை விளம்பரப்படுத்தும் பணம் எங்கிருந்து வருகிறது? நம் மாநிலத்தில் மூன்று ஊற்றுகள் உண்டு. ஒன்று, மாநில அரசின் ஆண்டு நிதி ஒதுக்கீடு. இரண்டு, ஒன்றிய அரசின் திட்டங்கள். மூன்று, 1971-இல் தோன்றிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன் விடுதிகளாலும் பயணத் திட்டங்களாலும் படகுக் குழாம்களாலும் ஈட்டும் வருவாய்.

இவ்வூற்றுகள் எங்கே பாய்கின்றன என்பதற்கு மாமல்லபுரமே தக்க சான்று. 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட அவ்வூரில் ஆண்டுதோறும் நாட்டிய விழா நடைபெறுகிறது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தனர். 2022-இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. 2024-இல் ஒன்றிய அரசு, மாநிலங்களுக்கு ஐம்பது ஆண்டு வட்டியில்லாக் கடன் அளிக்கும் திட்டத்தின்கீழ், மாமல்லபுரத்தில் நந்தவனம் பாரம்பரியப் பூங்கா அமைக்க 99.67 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. பல்லவர் கல்லில் வடித்ததை உலகம் வந்து காண்பது நமக்குப் பெருமையே.

ஆயினும் கல்லுக்கும் பறவைக்கும் வேறுபாடு உண்டு. கூட்டம் பெருகினாலும் ஐந்து இரதங்களும் எழுந்து போய்விடா. நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் போய்விடும். மழை பொய்த்து ஏரி வறண்ட ஆண்டில் எத்தனை கோடி செலவிட்டு விளம்பரம் செய்தாலும் வாரா. எனவே, மாமல்லபுரத்திற்கு ஏற்ற விளம்பர முறை வேடந்தாங்கலுக்கு ஏற்றதன்று. முன்னதில் ஆளை அழைத்தால் போதும். பின்னதில் முதலில் நீரை அழைக்க வேண்டும்.

இதனை எனக்குக் கற்பித்தவர் ஓர் உழவர். சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் எம் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். கரையில் நடந்த அரைமணி நேரத்திற்குள் ஒரு மாணவர், "இங்கே பார்க்க வேறென்ன ஐயா இருக்கிறது?" என்று கேட்டார். வந்திருந்த மற்றொரு குழுவினர் பாட்டுப் பெட்டியை உரக்க ஒலிக்கவிட்டனர். அருகில் நின்ற முதியவர் ஒருவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "ஆளுங்கள கூட்டினு வர்றதுக்கு எவ்ளோ செலவு பண்றாங்க சார். ஏரிக்குத் தண்ணி கூட்டினு வர்ற வாய்க்கால யாரும் பாக்கறதில்ல."

சுற்றுலாவைப் பற்றி நான் படித்த எந்த நூலிலும் இத்துணைத் தெளிவான கருத்தைக் கண்டதில்லை.

வீட்டுக்காரர் யார்?

வேடந்தாங்கலின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பறவைகளைக் காப்பது வனத்துறை. ஏரியின் மதகும் கரையும் நீர்வளத் துறையைச் சார்ந்தவை. விளம்பரம் செய்வது சுற்றுலாத் துறை. தெருவும் குப்பையும் ஊராட்சியின் தலையில். வருகின்ற விருந்தினரை அழைத்தவர் ஒருவர், கட்டணம் வாங்குபவர் ஒருவர், அவர்கள் விட்டுச்செல்லும் குப்பையை அள்ளுபவர் வேறொருவர். ஒரு திருமண வீட்டை இவ்வாறு நடத்த முடியுமா?

மேலும் ஒன்று. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர் மட்டுமே. பல்லாயிரம் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் இரை அதற்குள் எப்படிக் கிடைக்கும்? சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும் மேய்ந்துவிட்டே அவை மாலையில் இங்கே திரும்புகின்றன. நாம் நுழைவுச்சீட்டு வாங்கிக் காண்பது பறவையின் படுக்கையறையை. அதன் சமையலறை அண்டை ஊர்களில் இருக்கிறது. 2020-இல் ஐந்து கிலோமீட்டர் எல்லையை மூன்றாகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது, சூழலியலாளரும் பொதுமக்களும் எதிர்த்ததன் காரணம் இதுவே. வாயிலில் கிடைக்கும் வருவாயில் அண்டை ஊர்களின் ஏரிகளுக்கும் பங்கு உண்டு என்று நான் கூறுவதும் இதனாலேயே.

பிறர் கண்ட வழிகள்

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் விடுதி அறைகளுக்கு விதிக்கும் உள்ளூர் வரியிலிருந்தே சுற்றுலா அமைப்புகள் நடைபெறுகின்றன. நம் நாட்டில் விடுதிகளுக்கு மாநிலங்கள் விதித்து வந்த ஆடம்பர வரி 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் அடங்கிவிட்டது. ஆதலின் அவ்வழி நமக்கு எளிதன்று. பூட்டான் நாடு வெளிநாட்டுப் பயணியிடம் இரவு ஒன்றுக்கு இவ்வளவு என்று வளர்ச்சிக் கட்டணம் பெறுகிறது. 2022-இல் 200 டாலராக உயர்த்தப்பட்ட அக்கட்டணம், 2023-இல் 100 டாலராகக் குறைக்கப்பட்டது. கூட்டத்தின் அளவையும் கருவூலத்தின் தேவையையும் நிறுத்துப் பார்ப்பது எத்துணை அரிது என்பதை அந்த ஏற்ற இறக்கமே காட்டும்.

அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் பெரியாறு காப்பகத்தில், காட்டில் வயனாப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களே 1990-களின் பிற்பகுதியில் காட்டின் காவலராகவும் பயணிகளின் வழிகாட்டிகளாகவும் மாற்றப்பட்டனர். 2006-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ச் சட்டம், புலிகள் காப்பகங்களுக்கென அறக்கட்டளைகள் அமைக்கவும், நுழைவுக் கட்டண வருவாயை அங்கேயே செலவிடவும் வழிசெய்தது. புலிக்குக் கிடைத்த அந்தச் சட்ட உறுதி நாரைக்குக் கிடைக்கவில்லை.

கூலியன்று, பங்கு

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். 'இருநூறு ஆண்டுகளாகப் பணம் பெறாமல் செய்த அறத்திற்கு இப்பொழுது விலை வைக்கலாமா? பணம் புகுந்தால் ஊர் கெடாதா?' என்று சான்றோர் சிலர் கேட்பர். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. பணம் நுழைந்த இடத்தில் பகை நுழைந்த கதைகளை நாம் அறிவோம்.

ஆனால் ஊரார் பணம் வாங்காமல் இருப்பதால் அங்கே பணம் இல்லாமல் போய்விடவில்லை. உணவு விடுதியும் வாடகை வண்டியும் வாகனம் நிறுத்துமிடமும் எவருக்கோ ஈட்டித் தருகின்றன. விட்டுக்கொடுத்தவர் கை வெறுமையாகவும், வந்து போனவர் கை நிறைவாகவும் இருப்பது அறத்தின் பெருமை ஆகாது. மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகள் இளைஞரை அழைக்கும் இக்காலத்தில், ஏரியும் வயலும் ஊருக்குப் பயன்தரவில்லையெனின், தாத்தாவின் வழக்கத்தைப் பேரன் ஏன் காக்க வேண்டும்?

நான் வேண்டுவது ஆளுக்கு இவ்வளவு என்ற கூலியன்று. நுழைவு வருவாயிலும் விளம்பர நிதியிலும் ஒரு குறிப்பிட்ட விகிதம், வரத்துக் கால்வாய் தூர்வாரவும், மதகு சீர்செய்யவும், கழிப்பறையும் குப்பை மேலாண்மையும் அமைக்கவும், உள்ளூர் இளைஞரை வழிகாட்டிகளாகப் பயிற்றவும் ஒதுக்கப்பட வேண்டும். அக்கணக்கு கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். நீர் இல்லாத ஆண்டில் 'இவ்வாண்டு வாராதீர்' என்று சொல்லும் நேர்மையும் விளம்பரத்திற்கு வேண்டும். வெற்றியை அளக்கும் கோல், எத்தனை பேர் வந்தனர் என்பது மட்டுமன்று. மறு ஆண்டு எத்தனை கூடுகள் இருந்தன என்பதும் ஆகும்.

பழைய வாரியமும் புதிய வாரியமும்

சுற்றுலா வாரியம், சுற்றுலா வாரியம் என்று இன்று பலவிடத்தும் பேசப்படுகிறது. 'வாரியம்' என்ற சொல்லின் பெருமையை அறிய வேடந்தாங்கலுக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூருக்குச் செல்ல வேண்டும். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என ஊர்ப் பணிகளைப் பகுத்துச் சொல்கின்றன. உறுப்பினர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முன்னர்ப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய உறவினரும் தகுதி இழந்தனர்.

அவ்வமைப்பில் எல்லார்க்கும் இடம் இருந்ததில்லை, நிலமுடையோர்க்கே இருந்தது. இன்றைய கிராம சபையில் ஊர் வாக்காளர் அனைவர்க்கும் இடம் உண்டு. பழையதன் கணக்கொழுக்கமும் புதியதன் சமத்துவமும் சேர்ந்த ஓர் ஏரி வாரியம் வேடந்தாங்கலுக்கு அமையுமாயின், அதில் வனத்துறையும் நீர்வளத் துறையும் சுற்றுலாத் துறையும் ஊரோடு ஒரே பாயில் அமருமாயின், 1798-இல் தொடங்கிய பணி முழுமை பெறும்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் வேடந்தாங்கலுக்குச் செல்லுங்கள். ஏரி நிரம்பிய ஆண்டில், கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில் செல்லுங்கள். குரலைத் தாழ்த்துங்கள். கரையிலிருந்து இறங்கியபின் உடனே வண்டி ஏறிவிடாமல் ஊருக்குள் சற்று நடந்து, அங்குள்ள பெரியவர் ஒருவருக்கு வணக்கம் சொல்லி, இவ்வாண்டு ஏரிக்கு நீர் வந்ததா என்று கேளுங்கள். மீண்டு வந்து பிறர்க்கு வழி சொல்லும்போது, பறவையைச் சொல்லிவிட்டு அந்தப் பெரியவரையும் சொல்லுங்கள். நத்தத்தனார் காட்டிய நெறி அதுவே.