ஆலையும் இல்லமாகலாம்

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் வாக்கு. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று ஏங்கும் குடும்பங்கள் ஒருபுறம். ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் பெரிய கட்டடங்கள் மறுபுறம். இவ்விரண்டையும் சேர்த்துவைத்தால் என்ன? “பழைய ஆலைகளை இடிப்பதா, வீடுகளாக்குவதா?” என்று எங்கள் வகுப்பில் நடந்த சொற்போரில் பிறந்த எண்ணங்களையே இங்கு எழுதுகிறோம்.

காஞ்சியைச் சுற்றி நெல் விளையும் ஊர்களில் அரிசி மில்களைக் காணாதவர் யார்? நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்தி, அரைத்துத் தந்த அம்மில்களில், புதிய இயந்திரங்கள் கொண்ட பெரிய ஆலைகள் வந்தபின் ஓய்ந்துபோனவை பல. தடித்த சுவர், உயர்ந்த கூரை, வெயில் நிறைந்த களம், வற்றாத கிணறு எனக் குடியிருக்கத் தேவையானவை அங்கு முன்பே இருக்கின்றன. ஆயினும் இடித்து, மனை போட்டு விற்பதே எளிய வழி என்று எண்ணுகிறோம். ஒரு சுவரை இடித்தால் அதற்கு ஈடாகப் புதுச் செங்கல் சுட வேண்டும். புது மணல் அள்ள வேண்டும். அள்ளி அள்ளிப் பள்ளமாகிப்போன நம் பாலாற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

பிற நாட்டார் இவ்வழியில் முன்னே சென்றுள்ளனர். ஸ்காட்லாந்தில் 1786-இல் நிறுவப்பட்ட நியூ லானார்க் என்னும் ஆலைச் சிற்றூர் அதற்குச் சான்று. அங்கு ஆலையை நடத்திய இராபர்ட் ஓவன், பத்து வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்காமல், 1816-இல் அவர்களுக்கெனக் கல்விக்கூடம் திறந்தார். 1968-இல் ஆலை நின்றது. ஊர் பாழாய்ப் போகாமல் கட்டடங்களைச் செப்பனிட்டார்கள். தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஓர் ஆலைக் கட்டடம் தங்கும் விடுதியாயிற்று. 2001-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

நம் நாட்டில் நடந்தது வேறு. சென்னைப் பெரம்பூரில் 1876-இல் தொடங்கிய பக்கிங்காம் ஆலையும் பின்னர் வந்த கர்நாட்டிக் ஆலையும் பல்லாயிரம் பேருக்குச் சோறிட்டன. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அத்தொழிலாளரால்தான். அவர்களுக்குத் துணைநின்றவருள் ஒருவர் திரு.வி.க. 1996-இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் அந்நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. வீடுகள் வந்தன, உண்மைதான். ஆனால் நூல் நூற்றவரின் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வீடுகள் எட்டுமா? பம்பாயிலும் 1982 வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. ஆலை நிலத்தில் கடைத்தொகுதிகளும் கோபுர மாடிகளும் எழுந்தன. முன்னாள் தொழிலாளருக்கென வீடுகள் ஒதுக்கிக் குலுக்கல் நடத்தியது உண்டு. ஆனால் கேட்டு நின்றோர் இலட்சக்கணக்கில். கிடைத்த வீடுகளோ அதைவிட மிகக் குறைவு. ஆகவே ஆலையை இல்லமாக்கினால் மட்டும் போதாது. யாருக்கு இல்லம் என்பதே கேள்வி.

இக்கேள்வி நம் வாசலிலேயே நிற்கிறது. பிற ஊர்களில் ஆலைகள் வீடாகின்றன. நம் காஞ்சியிலோ வீடே ஆலையாக இருந்தது. கூடத்தில் தறிக்குழி, சுவரோரம் ஊடை சுற்றும் இராட்டை, விடியலில் தெருவெல்லாம் நீளும் பாவு. தறியின் ஓசையில் உறங்கி, தறியின் ஓசையில் விழித்தவர்கள் எங்களில் பலர். இன்று அக்குழிகள் ஒவ்வொன்றாய் மூடப்படுகின்றன. குழியை மண்ணிட்டு நிரப்பி, மேலே வழவழப்பான தரை போட்டு, கூடத்தை வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களை நாங்கள் குறை கூறவில்லை. கூலி போதாதபோது வாடகை அடுப்பெரிக்கிறது. தறியில் துணைக்கு உட்காரவேண்டிய பெண் பள்ளிக்கு வருவதும் நல்லதே; நாங்களே அதற்குச் சாட்சி. ஆனால் மூடிய குழியின்மேல் மறுபடி தறி பூட்டுவது எளிதன்று. வாடகை வீடு தேடும் நெசவாளருக்குத் தறி போட இடமுள்ள வீடு கிடைப்பதும் அரிதாகிறது. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் காஞ்சி நெசவாளர் வீடு ஒன்று காட்சிக்கு நிற்கிறது. நம் வீடு எப்படி இருந்தது என்று பார்க்க நாமே நுழைவுச்சீட்டு வாங்கும் நாள் வரவேண்டுமா?

“பழைய கட்டடம் தலைமேல் விழுந்தால் யார் பொறுப்பு?” என்று எதிரணித் தோழியர் கேட்டனர். நியாயமான கேள்வி. பொறியாளர் பார்த்துத் தகுதி சொல்லாமல் எந்த ஆலையிலும் குடியேறலாகாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் தூசு நுரையீரலுக்குக் கேடு. பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அதை அகற்ற வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். காற்று, வெளிச்சம், குடிநீர், கழிப்பறை இவையின்றி வீடு என்ற பெயர் மட்டும் இருந்து பயனில்லை. சில கட்டடங்களைப் புதுப்பிக்க, புதிதாய்க் கட்டுவதைவிட மிகுந்த செலவாகும். அவற்றை விட்டுவிட வேண்டியதே.

எங்கள் வேண்டுகோள் மூன்று. இடிக்கும்முன் இக்கட்டடம் இல்லமாகுமா என்று ஒருமுறை ஆராயுங்கள். ஆக்கினால், அங்கு உழைத்த குடும்பங்களுக்கு முதலிடம் கொடுங்கள். காஞ்சியில் எழும் நெசவாளர் குடியிருப்புகளில் ஒரு தறிக்கேனும் இடம் விட்டுக் கட்டுங்கள்.

பெற்றோரே, எங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவோம். சிலர் ஆசிரியைகள் ஆவோம். சிலர் தறியிலேயே அமர்வோம். யாராயினும், மாலையில் திரும்ப ஒரு வீடு வேண்டும். அவ்வீட்டின் கூடத்தில் உழைப்புக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.